அமெரிக்காவுக்காகப் பத்துத் தடவை

வகுப்பறை இரண்டாம் மாடியில் இருந்தது. ஏற முப்பத்தெட்டுப் படிகள். முதல் பதினாறுக்குக் கைப்பிடி உண்டு, மீதி இருபத்திரண்டுக்கு இல்லை. என்றோ கழன்று விழுந்ததை யாரும் திருப்பிப் பூட்டவில்லை. இரண்டு முழங்காலும் தேய்ந்த அறுபத்தொன்பது வயதுக்காரன் என்ற முறையில் மூன்று தடவை முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். மறுமொழி வரவில்லை.

அது பலெர்மோ நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில், பெரியவர்களுக்காகப் பின்னேரம் நடக்கும் பள்ளிக்கூடம். வரவு இடாப்பில் பத்தொன்பது பேர். வழக்கமாக வருவது பன்னிரண்டு, மழை பெய்தால் ஏழு. பலெர்மோவில் முப்பத்தொரு வருடம் இருந்தவனுக்கு இத்தாலியன் வகுப்பு எதற்கு என்று கேட்கலாம். மீன் வாங்கவும் சண்டை பிடிக்கவும் எனக்கு இத்தாலியன் போதும். ஆனால் கனடாவில் இருக்கும் மகளிடம் போய்வர எனக்கு இந்த நாட்டுக் கடவுச்சீட்டு வேண்டும், அதற்குக் குடியுரிமை வேண்டும், அதற்கு மொழிச் சான்றிதழ் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் கணக்குப் படிப்பித்த நான் இப்படித்தான் திரும்பவும் மாணவர் வாங்கில் போய் இருந்தேன்.

எங்கள் ஆசிரியை பலெர்மோக்காரி. மெலிந்தவள், எந்நேரமும் இருமுவாள். இரண்டாம் கிழமை ஒரு பெரிய வரைபடத்தைக் கொண்டுவந்து கரும்பலகையில் தொங்கவிட்டாள். அமெரிக்காவின் ஒரு நகரம். சில பகுதிகள் பச்சை, சில நீலம், சில சிவப்பு. ஒரு காலத்தில் சிவப்புப் பகுதியில் இருந்த கறுப்பு மக்களுக்கு வீடு வாங்கக் கடன் கொடுக்கமாட்டார்களாம். பெயரும் முகமும் பார்க்கத் தேவையில்லை, தெருவைக் கேட்டாலே போதுமாம்.

"ஏன் அமெரிக்கா? ஏன் இஞ்சத்தைக் கதை இல்லை?" என்று ஒருத்தி கேட்டாள். கானா நாட்டுக்காரி. பல்லாரோச் சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் தலைபின்னும் கடை வைத்திருந்தாள். வகுப்பில் எல்லாரும் பேசியது இத்தாலியன்தான். என் காதில் விழுந்த விதத்தில் எழுதுகிறேன்.

"இஞ்சத்தைக் கதையிலை தொடங்கினால் எல்லாருக்கும் கோவம் வரும்," என்றாள் ஆசிரியை. "தூரத்திலை தொடங்குவம். கிட்ட வரேக்கை பாப்பம்."

"எனக்குப் படம் தேவையில்லை, சிஞ்ஞோரா. போனிலை கேட்டால் வீடு இருக்கு. நேரை போய் நிண்டால் வீடு இல்லை. நான் படியேறிப் போறதுக்கிடையிலை ஆரோ வந்து எடுத்திடுறாங்கள்!"

எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் நான் கையுயர்த்தினேன். அது முதல் தடவை. ஒரு மனிதனை அவன் பிறந்த இடத்தை வைத்து அளப்பது அநியாயம் என்று, இலக்கணப் பிழை இரண்டோடு, சொன்னேன். ஆசிரியை "பிராவோ" என்றாள். கானாக்காரி திரும்பிப் பார்த்து, "நோன்னோ நல்லாப் பேசுறார்," என்றாள். நோன்னோ என்றால் தாத்தா. அதன் பிறகு வகுப்பில் எனக்கு அதுதான் பெயர்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அமெரிக்காதான். வீடுகளின் வரிப்பணத்தில் பள்ளிக்கூடங்கள் நடப்பதால் ஏழைத் தெருவில் ஏழைப் பள்ளிக்கூடம்தான் இருக்கும் என்று ஆசிரியை விளக்கினாள். நான் கையுயர்த்தினேன், நாலாவது. தேர்தல் நாளில் சில தெருக்களில் மட்டும் வாக்காளர் வரிசை மூலை திரும்பி நிற்கும் படத்தைக் காட்டினாள். படத்தில் தெரிந்த தலைகளை எண்ணி அறுபத்திமூன்று என்று சொன்னேன், ஆறாவது. எட்டாவது தடவை என் சொந்தக் கதையைச் சொன்னேன். நான் பல்கலைக்கழகம் போகவேண்டிய காலத்தில் எங்கள் நாட்டில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதிக புள்ளி கேட்டார்கள். நான் நாலு புள்ளியால் தவறினேன். அந்த நாலு புள்ளி எனக்கு இன்றும் ஆறவில்லை. அன்று வீட்டுக்கு நடந்து போகையில் எனக்குள் ஒரு பெருமை இருந்ததை மறைக்கமாட்டேன்.

என் வாங்கில் பக்கத்தில் இருந்தவன் எங்கள் ஆள், யாழ்ப்பாணத்துத் தமிழன், நாற்பத்தொரு வயது. வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் சட்டி கழுவினான். அவன் வந்து இருந்தால் புளீச் மணமும் வரும். கையுயர்த்தமாட்டான். எனக்குக் கண்ணில் வெண்புரை. கரும்பலகையின் சின்ன எழுத்துகளை அவன்தான் மெல்ல வாசித்துச் சொல்வான். நான் படிப்பித்தவன் என்று அறிந்த நாளிலிருந்து 'மாஸ்ரர்' என்றே கூப்பிட்டான். வகுப்பு முடிந்தால் கைப்பிடியில்லாத இருபத்திரண்டு படிக்கும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்குவான். சுடுதண்ணிப் போத்தலில் பிளேன்ரீ கொண்டுவந்து மூடியில் ஊற்றித் தருவான். பதினாலு பின்னேரம் அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன். இஞ்சி கொஞ்சம் கூடுதல் என்று இரண்டு தடவை குறையும் சொன்னேன்.

என் வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். போர்கோ வெக்கியோவுக்குப் பக்கத்தில் ஆறு மாடிக் கட்டிடம் ஒன்றுக்கு நான் இருபத்தேழு வருடம் வாசல்காரன், அதாவது காவலாளி. இருபத்திரண்டு வீட்டுக் கதவுகள். கீழே வாசலோடு சேர்ந்த அறையும் அதற்குப் பின்னால் ஒரு குசினியும் வேலையோடு வரும். வருட முடிவோடு நான் ஓய்வு பெறுவதாக முடிவாகி, நானும் மனைவியும் அல்பெர்கேரியாவில் மலிவாக ஒரு வீடு பிடித்திருந்தோம். ஆள் கிடைக்கும்வரை பகலில் மட்டும் போய் வாசலைப் பார்த்துக்கொண்டேன். கட்டிடத்தின் நிர்வாகி என்னிடம் சொல்லியிருந்தார்: "நீங்கள் ஒருவரைக் கொண்டு வாங்கோ. நீங்கள் காட்டுற ஆள் எங்களுக்குச் சரி."

எங்கள் ஆட்களிடையே வேலை அப்படித்தான் கைமாறும். ஒரு சிஞ்ஞோராவின் வீட்டுவேலையானாலும் ஒரு வாசலானாலும், விட்டுப் போகிறவர் அடுத்தவரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவார். விளம்பரமோ விண்ணப்பமோ இல்லை. எனக்கு அந்த வாசலைத் தந்தவர் லண்டனுக்குப் போகுமுன் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். ஊரில் எந்த இடம், கோயிலுக்கு எந்தப் பக்கம், தகப்பன் என்ன செய்தவர். சாதி என்ற சொல் வாயில் வராமல் சாதியை அறிகிற முறை அது. எங்களில் படித்தவர்கள் எல்லாரும் கடைப்பிடிப்பது. மூன்றுக்கும் நான் சொன்ன மறுமொழி அவருக்குப் பிடித்திருந்தது. எனக்கும் அன்று சந்தோஷமாகவே இருந்தது.

தை மாதத்தில் ஒரு நாள், வகுப்பு முடிந்து படியில் இறங்கும்போது அவன் கேட்டான்.

"மாஸ்ரர், ஒண்டு கேக்கலாமோ? கோவிக்கக் கூடாது."

"கேளும் தம்பி."

"உங்கட வாசலுக்கு ஆளைப் பாத்திட்டியளோ?"

"இன்னும் இல்லை."

"என்ரை பெர்மேசோ முடியுது. திருப்பி எழுத வேலைக் கடதாசி வேணும். மூண்டு வரியமாக் குசினியிலை நிக்கிறன், முதலாளி ஒரு துண்டு தாறானில்லை." பெர்மேசோ என்பது இங்கே தங்குவதற்கான அனுமதிப் பத்திரம். அது போனால் ஆள் இருந்தும் இல்லாத மாதிரி. "அந்த அறையும் கிடைச்சால் மனிசியையும் ரெண்டு பிள்ளையளையும் கூப்பிடலாம். இருக்க இடம் காட்டினால்தான் விடுவாங்கள். இன்னும் எத்தினை நாளெண்டு மனிசி ஒவ்வொரு நாளும் கேக்கிறாள். நீங்கள் கணக்கு வாத்தியார், நீங்களே சொல்லுங்கோவன்!"

சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு, என் வாய் தானாகக் கேட்டது என்று எழுத ஆசை. தானாக ஒன்றும் இல்லை. நான்தான் கேட்டேன்.

"தம்பி ஊரிலை எந்த இடம்?"

சொன்னான். என் ஊரிலிருந்து இரண்டரை மைல்.

"அங்கை கோயிலுக்கு முன்னாலையோ, பின்னாலையோ?"

அவன் நின்றான். கை இன்னும் என் முழங்கையில்தான்.

"பின்னாலை. வயல் கரையோடை." என்னை ஒரு படி இறக்கினான். "மூண்டாவதையும் கேளுங்கோ, மாஸ்ரர்."

"என்ன மூண்டாவது?"

"அப்பா என்ன செய்தவர் எண்டு. இஞ்சை வந்து நாலு பேர் கேட்டிட்டினம். மறுமொழி எனக்குப் பாடம்."

கேட்காமல் விட்டிருக்கலாம். இன்னும் எட்டுப் படிதான் மிச்சம். "என்ன செய்தவர்?" என்றேன்.

"மரம் ஏறினவர். கள்ளுச் சீவினவர். இவ்வளவும் காணுமோ?"

"ஏன் தம்பி உப்பிடிக் கதைக்கிறீர்? இந்தக் காலத்திலை ஆர் உதெல்லாம் பாக்கிறது? பாப்பம், நிர்வாகியோடை கதைச்சுப் பாப்பம்."

"பாப்பம்" என்று அன்று நாலு தடவை சொன்னேன். அவன் என்னைக் கடைசிப் படிவரை இறக்கிவிட்டுத்தான் கையை எடுத்தான்.

வீட்டில் மனைவி கணவாய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வகுப்பிலை பக்கத்திலை இருக்கிற பெடியன் வாசல் அறையைக் கேக்கிறான்," என்றேன்.

"ஆர் ஆக்கள்?"

சொன்னேன். கத்தி நின்றது.

"உங்களுக்கென்ன விசரோ?"

"நல்ல பெடியன்."

"நல்ல பெடியன்தான், ஆர் இல்லையெண்டது? வெள்ளிக்கிழமையிலை எங்கட சனம் அந்த அறையிலை வந்திருந்து சாப்பிடுறது. நாளைக்கு அவன்ரை மனிசி சமைச்சு வைச்சால் ஆர் கை நனைக்கிறது? நீங்கள் நனைப்பியளோ?"

"அங்கை அமெரிக்காவிலை இப்பிடித்தான்..."

"அமெரிக்காவை விடுங்கோ. என்ரை தங்கச்சியின்ரை மருமோன் ஆறு மாதமாக் கேட்டுக்கொண்டு நிக்கிறான். அவனுக்குக் குடுத்தால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்."

அவள்மேல் பழியைப் போட்டு இதை எழுதினால் வாசிக்கிறவர் நம்பிவிடுவார். ஆகவே சொல்லிவிடுகிறேன். அன்றும் மறுநாளும் நான் அதே கேள்வியை மூன்று விதமாக அவளிடம் கேட்டேன். சொல்ல எனக்கு வெட்கமாக இருந்ததை அவள் வாயால் மூன்று தடவை சொல்லவைத்தேன்.

அடுத்த வகுப்பில் அவன் வழக்கம்போல மூடியில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினான்.

"வேண்டாம் தம்பி. சீனி வருத்தம் கூடிப்போச்சு."

பதினைந்தாவது பின்னேரம் அது. அவன் அதைத் தானே குடித்தான். அதற்கு அடுத்த வகுப்பில் மூடியை என் பக்கம் தள்ளி வைத்தான்.

"சீனி போடேல்லை, மாஸ்ரர். இஞ்சியும் குறைச்சுப் போட்டன்."

எடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஆசிரியை ஒரு பாடம் முழுக்க வாசித்து முடித்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது. மேசையில் வைத்துவிட்டுக் கொப்பியைத் திறந்தேன். முன்வாங்கிலிருந்து கானாக்காரி திரும்பி, "நோன்னோ, இது உனக்கு வேண்டாமோ?" என்று கேட்டு, என் மறுமொழிக்குக் காத்திராமல் எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். "நல்லா இருக்கு. சீனிதான் இல்லை," என்றாள். அவன் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்தாவது தடவை நான் கையுயர்த்தியது வேலை விண்ணப்பங்களைப் பற்றிய பாடத்தில். ஒரே கடிதத்தை இரண்டு பெயரில் அனுப்பினால், கறுப்பர் பெயர் என்று தோன்றுகிற கடிதத்தைத் தூக்கிப் போடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்றாள் ஆசிரியை. தூக்கிப் போடுகிறவனுக்குத் தான் செய்வது தெரியுமா, தெரியாதா என்று கேட்டாள். "தெரியும்," என்றேன். "தெரியாத மாதிரி இருப்பான். ஆனால் தெரியும்." அவள் அதைக் கரும்பலகையில் எழுதினாள்.

பிறகு இருமிவிட்டுச் சொன்னாள்: "இப்ப கிட்ட வருவம். உங்களுக்கு ஒரு கதவு சாத்தப்பட்டிருந்தால் அதைச் சொல்லுங்கோ. சாத்தினது ஆரெண்டு சொல்லத் தேவையில்லை."

என் பக்கத்தில் வாங்கு அசைந்தது. அவன் எழுந்து நின்றான். அந்த வகுப்பில் அவன் எழுந்து நின்று நான் கண்டது அது ஒரு தடவைதான். ஆறே வசனம் பேசினான். தன்னிடம் ஒருவர் மூன்று கேள்வி கேட்டதாகச் சொன்னான். மூன்றையும் சொன்னான். மூன்றாவதுக்குத் தான் சொன்ன மறுமொழியைச் சொன்னான். கதவு இன்னும் சாத்தவில்லை, ஆனால் திறக்கவும் இல்லை என்றான். என்னைப் பார்க்கவில்லை.

"கேட்டது ஆர்? சிசிலிக்காரனோ?" என்றாள் ஆசிரியை.

"இல்லை. எங்கட நாட்டு ஆள். எங்கட பாஷை."

கானாக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். "நீங்கள் எல்லாரும் ஒரே நிறம்! பிறகு என்னண்டு கண்டுபிடிக்கிறியள்?"

"அதுக்குத்தான் கேள்வி," என்றான் அவன். திரும்ப வாங்கில் இருந்துவிட்டான்.

ஆசிரியை என்னைப் பார்த்தாள். "நீங்களும் அதே ஊர்ப்பக்கம்தானே? எங்களுக்கு விளங்கப்படுத்துங்கோ. உண்மையாவே இப்பிடி நடக்குதோ? இஞ்சை, பலெர்மோவிலை?"

நான் கையுயர்த்தினேன். அவள் என்னைத்தான் கேட்டாள், கையுயர்த்தத் தேவையே இல்லை. பழக்கத்தில் உயர்ந்துவிட்டது. அது பதினோராவது.

"அது முந்தின காலம்," என்றேன். "போர் வந்த பிறகு எல்லாம் மாறிப்போச்சு. இப்ப ஒருத்தரும் பாக்கிறதில்லை. சிலபேர் சும்மா ஊர் விசாரிப்பினம், அவ்வளவுதான்."

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆசிரியை "பிராவோ" சொல்லவில்லை. கானாக்காரி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அன்றும் மேசையில் நான் தொடாமல் விட்டிருந்த தேத்தண்ணி மூடியைப் பார்த்தாள். திரும்பிக்கொண்டாள்.

அன்றும் அவன் என் முழங்கையைப் பிடித்துத்தான் இறக்கினான்.

"வடிவாச் சொன்னியள், மாஸ்ரர்."

நான் படிகளை எண்ணினேன்.

"திங்கட்கிழமை குவெஸ்தூராவுக்குப் போகவேணும்," என்றான். பெர்மேசோ கொடுக்கும் பொலிஸ் அலுவலகம் அது. "சனிக்கிழமைக்குள்ளை ஓமெண்டோ இல்லையெண்டோ சொல்லுங்கோ. இல்லையெண்டாலும் பரவாயில்லை. பாப்பம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

"சொல்லுறன் தம்பி," என்றேன். அவனிடம் நான் கடைசியாகப் பேசிய இரண்டு சொல் அவைதான்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு நிர்வாகி வந்தார். "ஆள் ஆர்?" என்றார். மனைவியின் தங்கையின் மருமகனுடைய பெயரைச் சொன்னேன். "வேறை ஆரும் கேக்கேல்லையோ? ஒரே ஒராள்தானோ?" என்றார். "ஒரே ஒராள்," என்றேன். அவர் எழுதிக்கொண்டார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மத்தியானத்திலிருந்து பின்னேரம் வரை என் போனில் அவனுடைய அழைப்பு வந்தது, ஐந்து தடவை. ஆறாவது வரவில்லை.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை வாங்கில் நான் தனியே இருந்தேன். மூன்று கிழமை ஆசிரியை அவனுடைய பெயரை வாசித்தாள். மூன்று கிழமையும் ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. நாலாம் கிழமை அந்தப் பெயரை வாசிக்காமலே அடுத்ததுக்குப் போனாள். கரும்பலகையின் சின்ன எழுத்துகள் எனக்குத் தெரியவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை.

கானாக்காரிதான் சொன்னாள், சந்தைத் தெருவில் வைத்து. அவன் ரயிலேறி வடக்கே போய்விட்டானாம். பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டப் பார்க்கிறான் என்று யாரோ சொன்னார்களாம். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லையாம். சொல்லிவிட்டுப் போனவள் நாலடி போய்த் திரும்பினாள்.

"நோன்னோ! அமெரிக்கா சுகமோ?"

தெருவில் நின்ற தக்காளிக்காரனும் சிரித்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

ஆனி மாதம் எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. நூற்றுக்கு எண்பத்தொன்று. முப்பத்தெட்டுப் படியையும் சுவரையும் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு தனியே இறங்கினேன். ஆறு நிமிடம் எடுத்தது.

மனைவியின் தங்கையின் மருமகன் அந்த வாசலில் ஐந்து மாதம் இருந்தான். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சனம் வந்து கை நனைத்தது. பிறகு பிரான்சில் தமையன் கூப்பிட்டான், போய்விட்டான். போகிற நேரம் அடுத்த ஆளைக் காட்டவும் இல்லை. நிர்வாகி என்னை வேறு ஆள் கேட்கவில்லை. வாசலில் கமரா வைத்து, இருபத்திரண்டு பொத்தான் உள்ள ஒரு தகட்டைப் பூட்டினார். போன மாதம் பழைய கடிதம் ஒன்றை எடுக்கப் போனேன். அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே சைக்கிள்கள் நிறுத்தியிருந்தார்கள், ஏழு.

அந்த அறை நாலரை மீற்றர் நீளம், மூன்றரை மீற்றர் அகலம். யன்னல் பக்கம் ஒரு பெரிய கட்டில் போடலாம். எதிர்ச்சுவரோடு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சின்னக் கட்டில் வைக்கலாம். நடுவில் மேசைக்கும் நாலு கதிரைக்கும் இடம் வரும். அவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். நெருக்கம்தான், ஆனால் இடம் காணும். இந்தக் கணக்கை நான் சைக்கிள்களைப் பார்த்துப் போட்டதில்லை. அவன் கேட்ட அன்றே, என் முதல் கேள்வி வாயில் வரும் முன்பே, படியில் இறங்கிக்கொண்டே போட்டு முடித்திருந்தேன்.